ஒரே அளவு வளையல்

தை 5, வெள்ளி

அம்மன் துணை.

வினோதினிக்கு இன்று வளைகாப்பு. ஏழாம் மாதமே செய்திருக்க வேண்டியது. அவள் அம்மா வீட்டார் மனம் இறங்கி வருவார்கள் என்று காத்துக் காத்து ஒன்பதாம் மாதம் ஆகிவிட்டது. யாரும் வரவில்லை. பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் அப்பா தலைமுழுகியது முழுகியதுதான். அம்மாக்காரி மட்டும் அவர் வெளியே போன நேரம் பார்த்து எப்போதாவது போன் பேசுவாள். பொங்கலுக்குப் பிறகு அதுவும் இல்லை. கட்டினவன், என் கொழுந்தன் ராஜவேல், தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போயிருக்கிறான்.

சாப்பாடு: சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம். புளியோதரை பற்றவில்லை. தயிர் சாதம் மிஞ்சியது. அடுத்த தடவை தயிர் சாதம் பாதி போதும். அடுத்த தடவை என்று கை தானாக எழுதிவிட்டது.

அத்தை வளையல் போடும் இடத்துக்கு வரவில்லை. மாமா போன பிறகு இப்படிப்பட்ட காரியங்களில் அவர்கள் முன்னே நிற்பதில்லை. அடுப்படியில் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

முதலில் வேப்பிலைக் காப்பு. பிறகு பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். பிள்ளை இல்லாதவளையும் பக்கத்தில் உட்காரவைத்து அதே வளையலைப் போட்டால் அடுத்தது அவளுக்கு என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம். என்னையும் உட்காரவைத்தார்கள். கல்யாணமானதிலிருந்து எத்தனை வளைகாப்பில் இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. நான் கணக்கு வைக்காதது அது ஒன்றுதான்.

வளையல்கார அண்ணாச்சி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மருமகளுக்கும் ஒரே அளவு. ஒரே பெட்டியில முடிச்சிரலாம். எனக்கு வேலை மிச்சம்" என்றார். பிள்ளை பிறக்கும்வரை அவள் கழற்றக்கூடாது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அவள் கழற்றுகிறவரை நானும் கழற்றுவதில்லை என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறேன்.

பந்தி முடிகிற நேரம் எதிர்வீட்டுச் சந்தனமாரி கேட்டாள். "ஏம்த்தா வினோதினி, உங்க அம்மா வீட்ல எப்ப கூட்டிட்டுப் போறாக? வளையல் போட்டதும் அழைச்சிட்டுப் போறதுதான முறை?" கூட்டமே கையை நக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வினோதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, "சாயங்காலம் கார் வருது" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு அத்தையிடம் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்கள். "சொன்னது சொன்னதா இருக்கட்டும். அவ போயிட்டா."

தை 6, சனி

வினோதினி பின்கட்டு அறையில் இருக்கிறாள். தெருவுக்கு அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

செய்தது: அவள் செருப்பைப் பீரோவுக்குள் வைத்தேன். நைட்டிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். கொல்லைப்பக்கம் அவள் போகிறபோது முதலில் நான் போய்ப் பக்கத்துச் சுவரில் தலை தெரிகிறதா என்று பார்க்கிறேன். டிவி சத்தம் குறைத்தாயிற்று. ராஜவேலுக்கும் சொல்லவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு எதற்கு மனக்கஷ்டம் என்று அத்தை சொல்கிறார்கள்.

இவர் காராச்சேவுக் கடையிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தார். "எதுக்கு இந்த நாடகம்?" என்றார். "அவ அப்பன் வரலைன்னு தெருவே சிரிக்கவா?" என்று அத்தை கேட்டதும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வினோதினியிடம், "நான்தான் வாயைக் கொடுத்துட்டேன். கோவமா?" என்றேன்.

"இல்லக்கா. எங்கம்மா எப்படியும் ரெண்டு மூணு நாள்ல வந்துருவாக. வந்துட்டா இது பொய்யா இருக்காதுல்ல" என்றாள்.

தை 9, செவ்வாய்

விரதம். காலையில் ஜெசிந்தா நர்ஸம்மா வந்தார்கள். எங்கள் வார்டில் பிள்ளைத்தாச்சிகளையெல்லாம் பார்ப்பது அவர்கள்தான். வாசலிலேயே நிறுத்தி, "அம்மா வீட்டுக்குப் போயிட்டாளே" என்றேன். தலையில் பூ, நெற்றியில் திருநீறு, வாயில் பொய்.

"இந்த வாரம் பார்க்கணும்னு சொல்லியிருந்தேனே. போன தடவையே பிரஷர் லேசா கூட இருந்துச்சு. எந்த ஊரு?" என்றார்கள். ஊரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். "அங்க நர்ஸைப் போய் உடனே பார்க்கச் சொல்லு. தலைவலி, கண் மங்கறது, கை கால் முகத்துல வீக்கம், எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. வீட்ல அவளுக்கு மனக்கஷ்டம் ஏதாவது உண்டா? போன தடவை நான் கேட்டப்ப உங்க அத்தைதான் பதில் சொன்னாங்க. அந்தப் பிள்ளை வாயே திறக்கலை."

"ஒண்ணும் இல்லம்மா. சந்தோஷமா இருக்கா" என்றேன்.

போகும்போது ஒரு சின்ன அட்டையில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அத்தையிடம் பிரஷர் என்று சொன்னேன். "உப்பைக் குறைச்சுப் போடு" என்றார்கள். குறைத்துப் போட்டேன்.

தை 11, வியாழன்

பூசம். கோவிலுக்கு நான் மட்டும் போனேன். இரண்டு பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். யார் யாருக்கு என்ன என்பது அம்மனுக்குத் தெரியும்.

தை 14, ஞாயிறு

பால்காரர் இன்று வரவில்லை. எல்லோருக்கும் கருப்பட்டிக் கடுங்காப்பிதான்.

மத்தியானம் பொட்டலக் காகிதம் கத்தரித்துக்கொண்டிருந்தேன். நான் ஐந்தாவது தாண்டவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சேவு மடிக்கிற பழைய பேப்பரைப் படித்துப் படித்துத்தான் தடையில்லாமல் வாசிக்கவும் எழுதவும் வந்தது. இன்னும் படிக்காமல் ஒரு தாளைக்கூடக் கத்தரிக்க மாட்டேன். வினோதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டிருக்கிறாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது. போனைக் கவிழ்த்து வைத்தாள். இரவில் தூக்கமே இல்லை என்கிறாள். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளாம்.

பேச்சை மாற்றுவதற்காக, "பிள்ளை என்ன செய்யுது?" என்றேன்.

"இந்தச் சத்தம் கேட்டா ஆடுதுக்கா" என்று வயிற்றுக்கு மேல் கையை வைத்து வளையலைக் குலுக்கினாள். "அப்பாவை மாதிரி. ஹாரன் அடிச்சாத்தான் முழிக்கும்."

சிரித்தோம். அவள் சிரித்து நாளாயிற்று. என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. என் வளையலும் அவள் வளையலும் சேர்ந்து சத்தம் போட்டன. உள்ளேயிருந்து ஒரு தட்டு, நேராக என் உள்ளங்கையில்.

நான் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

தை 19, வெள்ளி

வினோதினி முகம் நிறைந்திருக்கிறது. கன்னம் உப்பிக் கண் சின்னதாகிவிட்டது. "பாரேன், பூரிச்சுப் போயிருக்கா. நம்ம வீட்டுச் சோறு" என்று அத்தைக்கு ஒரே பெருமை. கால் பாதம் பன்னு மாதிரி இருக்கிறது. அது எல்லா பிள்ளைத்தாச்சிக்கும் உள்ளதுதான் என்கிறார்கள். பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

வளையல் கையைப் பிடிக்கிறது என்றாள். அத்தை பார்த்துவிட்டு வளையல்கார அண்ணாச்சியைத் திட்டினார்கள். "சின்ன அளவைப் போட்டு ஏமாத்திட்டுப் போயிட்டான். இவ வெளிய தெரிய முடியாதேன்னு பாக்கேன். இல்லன்னா இப்பவே கூப்பிட்டுக் கேட்ருவேன்."

நான் என் கையை உயர்த்தினேன். வளையல் முழங்கைவரை சரசரவென்று போய் நின்றது.

ஒரே பெட்டி. ஒரே அளவு.

தை 20, சனி

அவள் கையை ஆட்டினால் சத்தம் வருவதில்லை. வளையல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சதையில் பதிந்துவிட்டன. "பிள்ளை தேடுதுக்கா. உங்க கையைக் கொஞ்சம் குலுக்குங்க" என்று கூப்பிட்டாள். அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் குலுக்கினேன். இனி காலையும் மாலையும் இது என் வேலை.

தை 22, திங்கள்

சிலிண்டர் மாற்றியது. கடைக்குக் கடலை மாவு சலித்தது.

வினோதினிக்கு நேற்றிலிருந்து மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி. கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதாம். அத்தை நெற்றியில் தைலம் தேய்த்தார்கள். "அம்மா அம்மான்னு அழுதுக்கிட்டே கிடந்தா தலை வலிக்காம என்ன செய்யும்?" என்றார்கள். பிறகு மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டார்கள். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியே அடிக்கவில்லை. "பாத்தியா. ஒரு கமறல் இல்ல. அவ்வளவும் திருஷ்டி. தெருக்காரி ஒருத்தி கண்ணும் அவ மேல படலை. வீட்டுக்குள்ள இருக்கிற கண்ணுதான்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை அவளுக்கு நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. அத்தையிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

தை 24, புதன்

அத்தையிடம் இன்று சொல்லிவிட்டேன். வளையல் சின்னதில்லை, கைதான் பெரிதாகியிருக்கிறது, நர்ஸம்மா சொன்ன மாதிரியே வீக்கமும் தலைவலியும் கண் மங்கலும் மூன்றும் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவோம், வளையலையாவது வெட்டி எடுத்துவிடுவோம் என்றேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"நல்லா இருக்கிற பிள்ளைத்தாச்சியைப் பாத்து சீக்கு சீக்குன்னு சொல்லாத. உன் வாயில அந்த வார்த்தை வரக்கூடாது. மத்தவ சொன்னா வேற. நீ சொன்னா வேற."

"வளையலையாவது, அத்தை."

"ஏட்டி, வளையல் உடையுற சத்தம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. உங்க மாமாவைத் தூக்கின பெறகு என்னை ஒக்காரவச்சு, ரெண்டு கையையும் பிடிச்சு, ஒரு கிழவி செங்கல்லால தட்டுனா. ராஜவேலு அப்ப மடியில கெடந்தான். அவன் இப்ப ரோட்டுல கெடக்கான். அவன் பொண்டாட்டி கையில வளையலை உடைக்கணுங்கியா?"

அத்தை முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இவரிடம் சொன்னேன். "அமாவாசை கழியட்டும். சனிக்கிழமை கூட்டிட்டுப் போவோம்" என்றார்.

காலண்டருக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்து "ஹலோ, யாரு?" என்றார்கள். நான் என் பெயரைச் சொன்னால் நானே பொய் சொன்னது வெளியே வரும். வீட்டு மானம் போகும். நாளைக்கு ஏதாவது என்றால் இவள் வாயால்தான் என்பார்கள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா, தாயே. நான் வேண்டிக்கொள்வதை நீ சரியாகத்தான் கேட்கிறாயா? என் மனசில் வேறு ஒன்றும் இல்லை.

தை 25, வியாழன்

நாளை தை அமாவாசை. மாமாவுக்குப் படையல். வாழைக்காய், பூசணிக்காய், எள், இலைக்கட்டு வாங்கியாயிற்று. வினோதினி இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அதையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

தை 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமையிலிருந்து எழுதவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவைக்க வேண்டும்.

வெள்ளி காலை படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். பின்கட்டில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வினோதினி சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறாள், சொம்பு உருண்டு கிடக்கிறது. "அக்கா, லைட்டைப் போடுங்க" என்றாள். பகல் பத்து மணி வெளிச்சம் ஜன்னல் வழியே அவள் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்குழியில் கல் வைத்த மாதிரி வலிக்கிறது என்றாள். விரல் நுனியெல்லாம் நீலம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அத்தை வாசல்படியை மறித்து நின்றார்கள்.

"இன்னைக்கு வேண்டாம். இன்னைக்குப் போனா இன்னைக்கே வயித்தைக் கீறிருவான். அமாவாசையில பிள்ளை பொறக்கணுமா நம்ம வீட்ல? நாளைக்கு விடியட்டும். இல்லாட்டி இருட்டுனதும் பின்சந்து வழியா ஆட்டோவைக் கொண்டாரச் சொல்லுதேன். தெருவுக்குத் தெரியாம போயிட்டு வந்துருங்க."

"அத்தை, அவளுக்குக் கண்ணு தெரியல."

"அழுத கண்ணு."

இவர் கையில் காக்கைக்கு வைக்கிற சோற்று உருண்டையோடு நின்றார். அத்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அத்தை மேல் கோபம் வரவில்லை. அந்தப் பொய்யை வாசலில் வைத்தது நான். அதை எடுக்க வேண்டியவளும் நான்தான் என்று தோன்றியது. அத்தையின் தோளைப் பிடித்து ஒதுக்கினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்களை நான் தொட்டது கால்களை மட்டும்தான். அவர்களே திகைத்து நகர்ந்துவிட்டார்கள். தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவையும் திறந்தேன்.

அமாவாசை என்று தெருவில் எந்த வாசலிலும் கோலம் இல்லை, ஆனால் எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. "சந்தனமாரியக்கா, நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. வினோதினி எங்கயும் போகலை. இங்கதான் இருக்கா. சீக்கிரம்" என்று கூப்பிட்டேன்.

சந்தனமாரி கேள்வி கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடிவந்து வினோதினியின் மறுகையைப் பிடித்தாள். "என்னத்தா இப்படி ஊதியிருக்கா. பன்னெண்டு வீடு தள்ளியா இருக்கேன் நான், சொல்லக்கூடாதா" என்று மட்டும் சொன்னாள்.

ஆம்புலன்ஸில் வந்த தம்பி பிரஷர் பார்த்துவிட்டு டிரைவரிடம், "நிக்காம போங்கண்ணே" என்றான். ஊசிக்கு நரம்பு தேடினான். கிடைக்கவில்லை. முன்கை முழுக்க வளையல், இடையிடையே சதை பிதுங்கி நிற்கிறது. எண்ணெய் போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூட அசையவில்லை. "உடைக்கணும்க்கா" என்று கத்தரிக்கோலை நீட்டினான்.

வினோதினி கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "வேண்டாம். அவரு லாரியில இருக்காரு. அக்கா, உடைக்காதீக. நான் செத்தாலும் பரவாயில்ல, உடைக்காதீக."

இவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் என் இடது கையை ஸ்ட்ரெச்சர் கம்பியில் வைத்தேன். கத்தரிக்கோலின் பிடியால் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பச்சையும் சிவப்புமாகச் சிதறியது. இவர் திரும்பிப் பார்த்தார்.

"பாரு வினோதினி, உன் அத்தான் முழுசா உட்கார்ந்திருக்காரு. ஒரு தும்மல்கூட வரலை."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உடைங்க, உடைங்க" என்றார் இவர். அவர் அன்று பேசியதிலேயே உருப்படியான வார்த்தை அது.

வினோதினி கையை நீட்டினாள். அவள் சதைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் என் முந்தானை நுனியைச் செருகிச் செருகி ஒவ்வொன்றாக உடைத்தேன். சத்தம் எப்படி இருக்கும் என்று அத்தை கேட்டார்களே, இப்போது எனக்குத் தெரியும். உடைய உடைய அவள் விரலில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே அவளுக்கு ஜன்னி வந்துவிட்டது. கண் மேலே செருகி உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. உள்ளே கொண்டு போய்விட்டார்கள். டாக்டரம்மா என்னிடம் வந்து, "வீக்கம் எப்போதிருந்து?" என்றார்கள்.

"வளையல் சத்தம் நின்னதிலிருந்து" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் என்றேன்.

"ஒரு வாரமா யாருகிட்டயும் காட்டலையா? எங்க இருந்தா?"

"வீட்டுலதான்."

சாயங்காலம் ஆப்பரேஷனில் பெண் குழந்தை. கையளவுதான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வினோதினி தீவிர சிகிச்சை வார்டில். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

வலது கையில் என் வளையல்கள் அப்படியே இருக்கின்றன.

தை 29, திங்கள்

ஜெசிந்தா நர்ஸம்மா காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "நீ சொன்ன ஊர் நர்ஸுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? அப்படி ஒரு பொண்ணு வரவே இல்லைன்னாங்க. நேரா வீட்டுக்கு வந்திருக்கணும் நான். புதன்கிழமை ஒரு ராங் நம்பர் வந்துச்சே, அது நீதானே?"

தலையாட்டினேன். அவர்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டாக்டரம்மாவிடம், "அழுது அழுதுதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன். "அழுததுனாலன்னு யாரும் அந்தப் பொண்ணைச் சொல்லாதீங்க. இது பிரஷர் வியாதி. யாருக்கு ஏன் வருதுன்னு முழுசா எங்களுக்கே தெரியாது. ஆனா தூங்காம, சாப்பிடாம, பயந்து ஒளிஞ்சு கிடந்தா உடம்பு எப்படித் தாங்கும்? அதைவிட, ஒளிஞ்சிருக்கிறவளை நான் எப்படிப் பார்க்க முடியும்?" என்றார்கள்.

மத்தியானம் வினோதினியின் போன் அடித்தது. என் கையில்தான் இருந்தது. அவள் அம்மா. அமாவாசையன்று நடந்தது எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது. ரொம்ப நேரம் அழுகைதான் கேட்டது. "அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாக" என்றார்கள்.

"அம்மா, வளைகாப்பு அன்னைக்கே நீங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டதாத்தான் எங்க தெருவுல பேச்சு. நாங்க சொன்ன பொய்யை நீங்கதான் உண்மையாக்கணும். பிள்ளை கண்ணாடிப் பெட்டியில இருக்கு. வரணும்னா வாங்க" என்று வைத்துவிட்டேன். நான் இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

மாசி 1, செவ்வாய்

விரதம் இல்லை. சாப்பிட்டேன். அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

ராஜவேல் நேற்றுச் சாயங்காலம் வந்தான். லாரியை வழியில் வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு பஸ் மாறி மாறி வந்திருக்கிறான். ஒரு கீறல் இல்லாமல் இருந்தான். அத்தை அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார்கள். பிறகு என் இடது கையைப் பார்த்தார்கள்.

குழந்தை வார்டு நர்ஸ் வந்து, "பிள்ளை உடம்பு சூடு நிக்கலை. நெஞ்சோட நெஞ்சு வெச்சுக்கணும். அம்மா எழுந்திரிக்கிற வரைக்கும் வீட்டுப் பொம்பளைங்க யாராவது வாங்க" என்றாள். அத்தைக்கு இருமல். ஆகாது என்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

அத்தை, "இவளா? இவ பெத்தவ இல்லையேம்மா" என்றார்கள்.

"காய்ச்சல், சளி, சொறி ஏதும் இருக்கா?" என்று நர்ஸ் என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப வாங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வளையல் உள்ள கூடாது, கழட்டுங்க."

அவள் கழற்றுகிறவரை நானும் கழற்றுவதில்லை என்று வேண்டியிருந்தேன். அவளுடையதுதான் உடைந்துவிட்டதே. வலது கையிலிருந்து தடையில்லாமல் வந்தன. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஜாக்கெட்டைத் தளர்த்தி நெஞ்சில் வைத்து மேலே துணி சுற்றினார்கள். சூடாக இருந்தது. அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

மாசி 2, புதன்

காலை வைத்துக்கொண்டேன். மாலை வைத்துக்கொண்டேன். எடை குறையவில்லை.

மாசி 4, வெள்ளி

வினோதினியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் குழந்தை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீக்கம் வடிந்து முகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. முன்கை முழுக்கச் சின்னச் சின்னக் கீறல். சந்தனமாரி அத்தையிடம், "அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னீக?" என்று கேட்டாளாம். "சொன்னேன். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. போய்ப் பாத்துட்டு வா" என்றார்களாம் அத்தை. அவள் அம்மா இதுவரை வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் வினோதினி திரும்பிப் பார்க்கிறாள்.

என் நெஞ்சிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தார்கள். நல்லதுதான். அதுதானே முறை.

பிள்ளை சிணுங்கியது. பூனைக்குட்டி மாதிரி முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பியது. வினோதினிக்குப் பயம் வந்துவிட்டது. "என்கிட்ட இருக்க மாட்டேங்கா அக்கா. உங்களைத்தான் தேடுதா. நீங்களே வாங்கிக்கோங்க."

வாங்கியிருக்கலாம். கை நீளத்தான் செய்தது. மடக்கிக்கொண்டு, முந்தானை முடிச்சைப் பிடித்து அவள் தோள் பக்கத்தில் ஆட்டினேன். துணிக்குள்ளிருந்து அமுங்கின சத்தம். பிள்ளை திருப்பிய முகத்தை அப்படியே நிறுத்தியது. இன்னொரு தடவை ஆட்டினேன். அவள் மார்பில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டது.

வினோதினி அழுதாள். இந்த அழுகையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த முடிச்சை இங்கயே வெச்சிட்டுப் போங்கக்கா" என்றாள். நர்ஸ் ஒரு சுத்தமான துணி கொடுத்தாள். வளையல்களை அதில் மாற்றிக் கட்டி அவள் தலைமாட்டில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். பால் கூட ஒரு கால் லிட்டர் சொல்லியிருக்கிறேன். பீரோவிலிருந்து வினோதினியின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். பிறகு விளக்கேற்றினேன். இரண்டு கையும் சும்மா இருந்ததில் சத்தமே இல்லை. யார் வந்திருப்பது என்று அம்மன் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள்.